அண்ணன் பெயரில் இருந்த பதினோரு அட்டைகள்

1

புனே வெளிநாடு இல்லை. பாஸ்போர்ட் வேண்டாம், விமானம் வேண்டாம். ஆனால் மதுரையில் ரயில் ஏறி ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்து இறங்கியபோது, ஸ்டேஷன் வாசலில் ஒரு பலகையைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. அதனால் எனக்கு இது வெளிநாடுதான். வந்து நாலு வருஷம் ஆகிறது. திருமங்கலம் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், பத்தாவதோடு நின்ற பெண் சாப்ட்வேர் கம்பெனியைப் பற்றி என்னத்தை எழுதப்போகிறாள் என்று நினைக்கலாம். தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமையோடு என் அண்ணன் சரவணன் இறந்து ஒரு வருஷம். சாங்வியில் எங்கள் அறையிலிருந்து ஆபீஸ் போகிற வழியில், மழையில் வண்டி சறுக்கியது. ஹெல்மெட் போட்டிருந்தான். மெதுவாகத்தான் போயிருக்கிறான். துக்கம் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஹெல்மெட் போட்டிருந்தானா என்றுதான். இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எல்லாம் சரியாகச் செய்தவனுக்கும் இது நடக்கும் என்பதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

நான் புனேக்கு வந்ததே அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது பத்தியச் சமையல் செய்யத்தான். காமாலை போய்விட்டது, நான் போகவில்லை. அவன் கம்பெனியில் டீ கொடுக்க, கூரியர் வாங்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்தேன். ஒரு வருஷம் கழித்து அண்ணன் ஒரு போனைக் கையில் கொடுத்து, "இந்த ஆப்பைத் தட்டிப் பாருடி. உனக்கு எங்க புரியலையோ அங்கதான் தப்பு இருக்கு," என்றான். அப்படித்தான் நான் டெஸ்டர் ஆனேன். காண்ட்ராக்ட்தான். ஆனாலும் டெஸ்டர்.

2

எங்கள் கம்பெனி சின்னது. பிம்ப்ரியில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. மொத்தம் பதினெட்டுப் பேர். கிட்னி வேலை செய்யாதவர்களை வீட்டிலிருந்து டயாலிசிஸ் சென்டருக்கு வேனில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் இல்லையா, அந்த வேன் எத்தனை மணிக்கு எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்கிற ஆப்பைத்தான் நாங்கள் செய்கிறோம்.

வேலையை மொத்தமாகச் செய்ய மாட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு. அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பேர். வேகமாக ஓடுவது என்று அர்த்தமாம். நான் பார்த்தவரை எல்லோரும் உட்கார்ந்தேதான் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் நிற்பார்கள். சுவருக்கு முன்னால் வட்டமாக நின்று, இந்த இரண்டு வாரத்தில் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ரிஸ்க் போர்டு. ஒரு பயத்துக்கு ஒரு அட்டை. பெரிய பயம் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், சின்னது பச்சை. ஊரில் இப்படி வாயைத் திறந்தால் எங்கம்மா "நல்ல வார்த்தையே வராதாடி" என்று வாயிலேயே அடிப்பாள். இங்கே அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மூன்று சட்டம் உண்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஆள் பெயர் இருக்க வேண்டும், பெயர் இல்லாத அட்டை போர்டில் ஏறாது. ஒரே ஒரு சிவப்பு அட்டை இருந்தால்கூட, அதற்கு ஒரு வழி சொல்லாமல் புது ஆப்பை வெளியே விடக்கூடாது. வெளியே விடுகிற அன்றைக்கு, சிவப்பு அட்டைக்காரர் ஆபீஸில் இருக்கக்கூடாது, ஆப் ஓடுகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். இதெல்லாம் எங்கள் மேனேஜர் அதுல் சார் போட்டது. புனேக்காரர். அவர் பேசுவது இந்தியும் இங்கிலீஷும். நான் எனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் டீ கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அட்டைகள் காகிதம். அவற்றைச் சுவரில் ஒட்டுவதும் என் வேலை. ஒருநாள் அண்ணன் எழுதிய மஞ்சள் அட்டை ஒன்றை ஒட்டும்போது, "என்னண்ணே எழுதியிருக்க?" என்று கேட்டேன்.

"ஒரு போனு, அஞ்சு ஆளு. நம்ம வீட்ல எத்தன போனு?"

"ஒண்ணு. அப்பாகிட்ட."

"சித்தப்பா வீட்டுக்கு?"

"அதே நம்பருதான். போன் வந்தா நாமதான ஓடிப்போய்க் கூப்புடணும்."

"இங்க இருக்க பதினெட்டுப் பேத்துக்கும் ஆளுக்கு ரெண்டு போனு. பின்னாடி ஒருநாளு, ஆளுக்கு ஒரு போன் நம்பர், அதுதான் அவங்க அடையாளம்னு மாத்தணும்பாங்க. நம்மள மாதிரி வீடு இவங்களுக்குத் தோணாது. அதான் எழுதி வைக்கிறேன்."

நான் ஒட்டினேன். அட்டை கொஞ்சம் கோணலாக ஒட்டியது ஞாபகம் இருக்கிறது. பிறகு சுவர் அட்டைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயின. அண்ணன்தான் தன் அட்டைகளைத் தானே அடித்து ஏற்றினான்.

3

ஆள் செத்தால் அழலாம் என்று நினைத்திருந்தேன். முதல் மூன்று மாதம் அழ நேரம் கிடைக்கவில்லை. காகிதம், காகிதம், காகிதம்.

இறப்புச் சான்றிதழ் வாங்கப்போன இடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் என்ன வேண்டும் என்றார். எனக்கு வந்த இந்தியில், "மேரா பாய் சலா கயா" என்றேன். நம்மூரில் போயிட்டான் என்றால் புரியும் இல்லையா, அதை அப்படியே சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே, எங்கே போனார், எப்போது வருவார் என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்புறம் நான் அழுததும் அந்த ஆள் எழுந்து வந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். சான்றிதழ் அன்றைக்கே கிடைத்தது.

அதைக் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எச்ஆர் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் அண்ணன் பெயரைத் தேடி ஏதோ ஒன்றை அழுத்தினாள். என் கண் முன்னாலேயே அவன் போட்டோ கலர் போய்ச் சாம்பல் நிறமானது. பக்கத்தில் 'செயலில் இல்லை' என்று இங்கிலீஷில் வந்தது. "அவ்வளவுதான், முடிந்தது" என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

சாங்வி அறையைக் காலி செய்துவிட்டு ஏரவாடாவில் ஸ்டெல்லா அக்கா வீட்டு மேல் அறைக்கு வந்தேன். அக்காவின் குடும்பம் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறது. தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் பாதியில் இந்தி ஏறிக்கொள்ளும். "அரே சுகந்தி, ரெண்டு நாளா நீ நாஷ்டாவே பண்ணலே, காய்க்கு இப்படி சூக்கிப்போறே?" என்பார். டிபன் சாப்பிடவில்லை, ஏன் இப்படி வற்றிப்போகிறாய் என்று அர்த்தம். அவர் மகள் ரோஸ்லின் ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. அண்ணனுக்குத் திவசம் என்று சொன்னபோது, அப்படி என்றால் பர்த்டே மாதிரியா என்று இந்தியில் கேட்டாள். ஸ்டெல்லா அக்கா அவளை ஓங்கி ஒரு அடி வைத்தார். நான்தான் தடுத்தேன். அவள் கேட்டது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை.

4

செவ்வாய்க்கிழமை புது ஆப் வெளியே போக வேண்டும். அதே செவ்வாய்க்கிழமை எனக்கு ஊருக்கு ரயில். வெள்ளிக்கிழமை வீட்டில் தலைத்திவசம். இப்படித்தான் திட்டம் இருந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒருமுறை ஆப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். புது ஆப்பில் ஒரு மாற்றம். முன்னால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு எண் உண்டு. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்று, இனிமேல் போன் நம்பர்தான் அடையாளம் என்று மாற்றியிருந்தார்கள். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டும். அப்பா பெயரையும் வீட்டு நம்பரையும் போட்டேன். வேன் பதிவானது. அம்மாவை மட்டும் விட்டுவிட மனசு வராமல் அவள் பெயரையும் அதே நம்பரில் போட்டேன். அதுவும் பதிவானது.

திரும்பப் பார்த்தால் அப்பாவைக் காணோம்.

நான்தான் ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டேன் என்று, அம்மாவை முதலிலும் அப்பாவைப் பிறகுமாகப் போட்டு மறுபடியும் செய்தேன். இந்தமுறை அம்மாவைக் காணோம். மூன்றாவது முறையும் கடைசியாகப் போட்ட ஆள் மட்டும் இருந்தார். முன்னால் போட்டவர் இருந்த தடமே இல்லை. வேன் ரத்து என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை.

அப்போதுதான் அந்தக் கோணல் அட்டை ஞாபகம் வந்தது. போர்டைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு பச்சை, இரண்டு மஞ்சள், சிவப்பே இல்லை. அண்ணன் அட்டை எங்கேயும் இல்லை. அவன் எழுதியதும் நான் ஒட்டியதும் நிஜம். மேலே ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது. 'செயலில் உள்ளவர்கள் மட்டும்'. எனக்கு அது எதற்கு என்று தெரியாது. தெரியாததால்தான் எடுத்துப் பார்த்தேன்.

போர்டில் திடீரென்று நிறைய அட்டைகள் வந்தன. அதில் பதினொன்றில் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் என் அண்ணன் முகம்.

என் இங்கிலீஷ் கடைப் பலகை படிக்கிற இங்கிலீஷ்தான். ஒவ்வொரு தலைப்பாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாலாவது அட்டை, ஒரு போன், அஞ்சு ஆள். கடைசி அட்டையின் தலைப்பு, சரவணன் வராவிட்டால். அதைத் திறக்கக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு கார்த்திக் அண்ணனைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர், எங்கள் டீம் லீட், என் அண்ணனுக்கு ரொம்ப வேண்டியவர்.

அவர் வந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த டிக்க நான்தானுங்க வெச்சேன்," என்றார். "வேலைய விட்டுப் போனவங்க அட்டையெல்லாம் நெறையக் கெடந்துச்சு. போர்டு சுத்தமா இருக்கோணும்னு வெச்சேன்."

நான் திரையில் இருந்த அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

"அது பொய்யிங்க. தெனமும் போர்டத் தொறந்தா அவன் மூஞ்சி தெரியுமுங்க. என்னால பாக்க முடியல."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. "நான் சான்றிதழக் குடுத்தேன், நீங்க டிக் வச்சீங்க. ரெண்டு பேரும் சேந்துதான் தொலைச்சிருக்கோம்ணே," என்றேன். "இது ஏன் யாருக்கும் மாட்டல?"

"டெஸ்ட் பண்றதுக்கு ஆளுகளோட பேரு, நம்பரு எல்லாம் நாமளே உண்டாக்குனதுங்க. ஆளுக்கு ஒரு நம்பருன்னு வேற வேறயாத்தான் உண்டாக்குனோம். அப்பறம் எங்கிருந்து மாட்டும்?"

"நெசத்துல அப்புடி ஒரே நம்பரு இருக்குமான்னு பாத்துருவோமா?"

"நாளைக்கு லீவுங்களே."

"சென்டருக்கு லீவு இல்லண்ணே."

5

ஏரவாடாவில் நான் இருக்கிற வீட்டிலிருந்து எங்கள் ஆப்பில் வேன் ஓடுகிற டயாலிசிஸ் சென்டர் நடக்கிற தூரம். மூன்று வருஷமாக அதற்கான ஆப்பில் வேலை செய்கிறேன், உள்ளே போனது அதுதான் முதல் தடவை. கார்த்திக் அண்ணனும் போனதில்லை. வெட்கமாக இருந்தது, எழுதிவிடுகிறேன்.

வரவேற்பில் இருந்த நர்ஸ் அம்மா பதிவு நோட்டைக் காட்டினார். முதல் பக்கத்திலேயே ஒரு நம்பர் இரண்டு தடவை. நாலாவது பக்கம் போவதற்குள் அதே நம்பர் ஐந்து தடவை வந்துவிட்டது. ஐந்தும் வேறு வேறு பெயர், ஒரே சந்து.

"இது யார் நம்பர்?" என்று கார்த்திக் அண்ணன் இந்தியில் கேட்டார்.

"சுனந்தா தாயி நம்பர்," என்று நர்ஸ் சொன்னார். தாயி என்றால் மராத்தியில் அக்கா. "அங்கதான் உக்காந்திருக்காங்க, கேளுங்க."

சுனந்தா தாயி அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல், பிரசவம் எல்லாம் விசாரிக்கிற சுகாதார ஊழியர். அன்றைக்கு ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏன் ஐந்து பேருக்கும் உங்கள் நம்பர் என்று கேட்டதற்கு, எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அவங்களுக்கு மெசேஜ் படிக்க வராது. எனக்கு வரும். வேன் வருதுன்னு எனக்கு மெசேஜ் வந்தா, நான் சந்துல நின்னு பேரச் சொல்லிக் கத்துவேன். அஞ்சு பேரும் வெளிய வந்துருவாங்க. இதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல தாயி. எங்க ஆப்தான் தப்பு," என்றேன்.

"செவ்வாய்க்கிழமைக்கு அப்பறம் யாரோ ஒருத்தருக்குத்தான் மெசேஜ் வரும், மத்த நாலு பேரு லிஸ்ட்லயே இருக்க மாட்டாங்க," என்று கார்த்திக் அண்ணன் எடுத்துச் சொன்னார்.

பக்கத்தில் இருந்த பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "நான் இருப்பேனா?" என்றார்.

"நீதான் கடைசியாப் பேர் குடுத்தே, நீ இருப்பே," என்று தாயி சொன்னார். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். தாயி சிரிக்கவில்லை. எங்களைப் பார்த்து, "உங்க ஆபீஸ்ல எல்லாரும் ரொம்பப் படிச்சவங்களா?" என்றார். கார்த்திக் அண்ணன் ஆமாம் என்றார். "அப்ப சரி," என்றார் தாயி.

கிளம்பும்போது நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன், ஒருமுறை வராவிட்டால் என்ன ஆகும் என்று. உடம்பில் தண்ணி சேரும், மூச்சு வாங்கும், இரண்டு முறை தவறினால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான் என்றார். வாரத்துக்கு மூன்று முறை வர வேண்டியவர்கள் அவர்கள்.

6

திங்கட்கிழமை போர்டுக்கு முன்னால் நின்றோம். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. காண்ட்ராக்ட் ஆட்களை அதில் கேட்பதில்லை. அதுல் சார் "ஆயிற்றா?" என்று கேட்டபோது நான் முன்னால் போனேன்.

கார்த்திக் அண்ணன் டிக்கை எடுத்துவிட்டார். பெரிய திரையில் அண்ணன் முகம் பதினோரு இடத்தில் வந்தது. வட்டத்தில் நின்றவர்களில் ஒருவர் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா காணாமல் போனது, சுனந்தா தாயி, ஐந்து பேர், ஒரு சந்து.

அதுல் சார் நல்லவர்தான். கேட்டுக்கொண்டார். "ஆனால் நாளைக்குத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. நாளைக்கு விடுவோம். அடுத்த ஸ்பிரிண்டில் முதல் வேலையாக இதைச் சரி செய்வோம். அதுவரை 'ஏற்றுக்கொண்டோம்' பக்கத்தில் போடு."

போர்டில் அப்படி ஒரு பக்கம் உண்டு. பயம் நிஜம்தான், ஆனால் இப்போதைக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை, நடந்தால் தாங்கிக்கொள்வோம் என்று அர்த்தம்.

"அடுத்த ஸ்பிரிண்டுன்னா ரெண்டு வாரம் சார். ஏத்துக்கிட்டது யாரு? நாமளா? மூச்சு முட்டப்போறது அவங்களுக்கு," என்றேன். பதற்றத்தில் பாதி தமிழில் வந்துவிட்டது. கார்த்திக் அண்ணன் இந்தியில் திருப்பிச் சொன்னார், ஒரு வார்த்தையைக்கூட மெதுவாக்காமல்.

நான் டெஸ்ட் போனை அதுல் சாரிடம் நீட்டினேன். "உங்க அம்மா பேரப் போடுங்க சார். உங்க நம்பர்லயே."

அவர் போட்டார்.

"இப்ப அப்பா பேரு. அதே நம்பர்."

அதையும் போட்டார். பிறகு பட்டியலைத் திறந்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். அவர் அம்மாவைத் தேடுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தபோது குரல் மாறியிருந்தது.

"எத்தனை நாள் வேணும்?"

"மூணு நாளுங்க சார்," என்றார் கார்த்திக் அண்ணன். "சீட்டு எண்ணையே அடையாளமா வெச்சுக்கறோம். ஒரு நம்பர்ல எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருத்தர் பேர்லயும் தனி மெசேஜ்."

"வெள்ளிக்கிழமை விடுவோம். வாக்கு மாறிப்போச்சுன்னு நான் பேசிக்கிறேன். சிவப்பு அட்டை. யார் பெயர்?"

"என்ற பேரப் போடுங்க," என்றார் கார்த்திக் அண்ணன். என் பக்கம் திரும்பி மெல்லமாக, "நீங்க நாளைக்கு ரயில் ஏறுங்க சுகந்தி. நான் பாத்துக்கறேன்," என்றார்.

போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அம்மா முகம் வந்தது. ஆனால் சரி செய்கிற வேலையும் அவர்தான் செய்ய வேண்டும், சந்தில் போய் நிற்பதும் அவர்தான் என்றால் இரண்டில் ஒன்று நழுவும். அந்த அட்டை ஒருமுறை கை மாறாமல் தொலைந்தது. இன்னொருமுறை அதை விட எனக்கு மனசு இல்லை.

"என் பேரு போடுங்க சார்," என்றேன்.

அதுல் சாருக்கு என் லீவு எதற்கு என்று தெரியும். "பெயர் போட்டால் வெள்ளிக்கிழமை நீ ஏரவாடாவில் நிற்கணும்," என்றார்.

"தெரியும் சார்."

பெயர்ப் பட்டியலில் தேடினார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் அதில் வர மாட்டார்களாம். அதுல் சாரே உட்கார்ந்து என்னைச் சேர்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷமாக ஆகாதது.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வருசத்துக்கு ஒருநாளு அவனுக்கு. அன்னைக்கும் உனக்கு வேலையா?"

"அவன் வேலதாம்மா. பாதியில கெடக்கு."

போன் அப்பா கைக்குப் போனது. அப்பா எப்போதும் நேராகத்தான் கேட்பார்.

"நீ வந்துட்டா அங்க என்னாகும்?"

"அஞ்சு பேத்துக்கு வேன் வராமப் போகலாம்ப்பா."

"வரலைன்னா?"

"மூச்சு முட்டும்."

"அப்ப இரு," என்றார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

7

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஸ்டெல்லா அக்கா வீட்டில் அண்ணன் போட்டோவுக்கு ஒரு முழம் பூ வைத்தேன். அக்கா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். ரோஸ்லின் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்று, தமிழில் தேடித் தேடி, "அக்கா, உன் அண்ணன் நல்லா பையனா இருந்துது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்தமுறை அவளை யாரும் அடிக்கவில்லை.

பிறகு சுனந்தா தாயியின் சந்துக்குப் போய் நின்றேன். தாயி கையில் போனை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "இன்னைக்கு யார் யார் இருக்கோம்னு பாப்போம்," என்றார்.

முதல் மெசேஜ் வந்தது. தாயி ஒரு பெயரைக் கத்தினார். இரண்டாவது வந்தது, இன்னொரு பெயர். மூன்று. நாலு. அப்புறம் ஒன்றும் வரவில்லை. தாயி என்னைப் பார்த்தார். நான் ஆபீஸில் இருந்த கார்த்திக் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் எடுப்பதற்குள் ஐந்தாவது வந்துவிட்டது. சென்டரில் பார்த்த அந்தப் பெரியவர் பெயர். வெளியே வந்தவர், தன்னை ஏன் கடைசியாகக் கூப்பிட்டாய் என்று தாயியிடம் சண்டைக்கு நின்றார்.

"கடைசியா வந்தாலும் இருக்கே இல்ல, ஏறு," என்றார் தாயி.

வேன் வந்தது. ஐந்து பேரும் ஏறினார்கள். நான் பெயர் சரிபார்த்தேன்.

வேன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டாள். அப்பா பிண்டம் வைத்தாயிற்று, சேமியாப் பாயசம் வைத்தேன், சித்தப்பா வீட்டில் எல்லோரும் வந்திருந்தார்கள் என்று சொன்னாள்.

"வேன் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சும்மா. அஞ்சு பேரும் ஏறிட்டாங்க."

"சரி," என்றாள். பிறகு, "சாப்டியா?" என்றாள்.

ஆபீஸ் போய் அந்த அட்டையை 'முடிந்தது' பக்கத்துக்கு நகர்த்தினேன். மீதி ஒன்பது அட்டைகளில் அண்ணன் பெயரை எடுத்துவிட்டு, கார்த்திக் அண்ணனும் நானும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பெயர் போட்டுக்கொண்டோம். போர்டில் அந்த டிக் வைக்கிற கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இனிமேல் யார் போனாலும், வேலையை விட்டுப் போனாலும் செத்துப் போனாலும், அவர் அட்டைகளை இன்னொருவர் பெயருக்கு மாற்றிய பிறகுதான் கணக்கை மூட முடியும். அதுல் சார் போட்ட நாலாவது சட்டம்.

பதினோராவது அட்டை மட்டும் மிச்சம் இருந்தது. சரவணன் வராவிட்டால். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன பிறகு அதைத் திறந்தேன்.

இரண்டே வரி. சென்டர் ஆட்கள் எப்படி ஆப்பைப் பிடிப்பார்கள், எங்கே தடுமாறுவார்கள் என்பது தன்னைத் தவிர டீமில் யாருக்கும் தெரியாது என்பது முதல் வரி. அதற்கு என்ன செய்வது என்கிற இடத்தில், 'எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சுகந்திக்குச் சொல்லிக்கொடுப்பது. நடந்துகொண்டிருக்கிறது.' அவ்வளவுதான். பொறுப்பு என்கிற இடத்தில் சாம்பல் நிறத்தில் அவனேதான் இருந்தான்.

தங்கச்சி டீ தம்ளர் கழுவுகிறாளே என்று பாவப்பட்டுத்தான் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அட்டையை முடிந்தது பக்கத்துக்கு நகர்த்தவில்லை. அவன் சொல்லிக்கொடுத்தது பாதிதான். மீதியைச் சுனந்தா தாயியிடமும் அந்த நர்ஸ் அம்மாவிடமும்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இனி சனிக்கிழமைதோறும் சென்டருக்குப் போகிறேன்.

திங்கட்கிழமை எல்லோரும் போர்டுக்கு முன்னால் நின்றபோது, அதுல் சார் அந்த அட்டையைக் காட்டி, இது யாருடையது, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார்.

கையைத் தூக்கினேன். "என்னோடது சார். நடந்துக்கிட்டிருக்கு," என்றேன்.